‘ரிக்டர் அளவில் 6.2’ போதாது: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகள், இணைய இதழ்கள் ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கும், இரவு ஷிஃப்டில் டெஸ்க்கில் உட்கார்ந்து ஸ்க்ரோல் அடிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

எங்காவது நிலம் நடுங்கினால் சில நிமிடங்களில் உங்கள் திரையில் ஒரு வரி ஓடத் தொடங்குகிறது: ‘இந்தோனேசியாவில் சக்திவாய்ந்த நிலநடுக்கம், ரிக்டர் அளவில் 6.2 ஆகப் பதிவு.’ உங்கள் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு, நாகப்பட்டினத்தில் இருப்பவர் கரையை விட்டு ஏற வேண்டுமா, திரும்பிப் படுத்துத் தூங்கலாமா என்று சொல்ல முடியாது. நிலநடுக்கவியல் படித்த எங்களாலும் முடியாது. எவ்வளவு ஆழத்தில், ஊரிலிருந்து எவ்வளவு தொலைவில், பாறை எந்த வாக்கில் நகர்ந்தது என்பதும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வருகிறது. ஆழமும் இடமும் நீங்கள் எண்ணை எடுக்கும் அதே அறிவிப்பில், அடுத்த வரியிலேயே இருக்கின்றன. அவற்றை ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்பதுதான் எங்கள் குறை.

இரண்டு நடுக்கங்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 1993 செப்டம்பர் 30, அதிகாலை 3.56, மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கிள்ளாரி. அளவு 6.2. இறந்தவர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேல். 2015 அக்டோபர் 26, ஆப்கானிஸ்தானின் இந்துகுஷ் மலைப்பகுதி. அளவு 7.5. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் இரண்டிலும் சேர்த்து இறந்தவர்கள் நானூறு பேர் அளவில். அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் 32 மடங்காகும்; 1.3 கூடினால் ஏறத்தாழ 90 மடங்கு. தொண்ணூறு மடங்கு பெரிய நடுக்கம், இருபதில் ஒரு பங்கு சாவு.

இந்துகுஷ்ஷில் பாறை உடைந்தது தரைக்கு 200 கி.மீ.க்கும் கீழே. அலை மேலே வந்து சேர்வதற்குள் பரவித் தளர்ந்துவிட்டது. டெல்லி வரை ஆட்டியது, ஆனால் எங்கும் முழு மூச்சாக ஆட்டவில்லை. கிள்ளாரியில் உடைப்பு மிகக் குறைந்த ஆழத்தில். ஊர்கள் அதற்கு நேர் மேலே. முந்தைய நாள் விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்த நேரம். வீட்டுச் சுவரைப் பாருங்கள்: கற்களை மண்சாந்தில் வைத்து வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவில் சில்லும் மண்ணும். இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்கும் நீளமான குறுக்குக்கல் கிடையாது. மேலே மரச்சட்டத்தின் மீது வெயிலுக்காகக் கொட்டிய கனத்த மண்கூரை. பக்கவாட்டில் ஆட்டியதும் வெளிவரிசை வெளியே சாய்ந்தது, உள்வரிசை உள்ளே சாய்ந்தது, தாங்க ஆளில்லாத கூரை படுத்திருந்தவர்கள் மேல் அப்படியே இறங்கியது. 6.2 என்ற எண்ணுக்குள் இதில் ஒன்றுகூட இல்லை.

உங்கள் கிராபிக்ஸ் பற்றியும் ஒரு சொல். நிலநடுக்கம் என்றதும் இரண்டு தட்டுகள் ‘டமால்’ என்று மோதுவது போல ஓட்டுகிறீர்கள். தட்டுகள் மோதிக்கொண்டேதான் இருக்கின்றன; அது புதுச்செய்தி அல்ல. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வேகத்தில் வடக்கே போகிறது, சுமார் ஐந்து கோடி ஆண்டுகளாக ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நகர்வு ஒருநாளும் நிற்பதில்லை. நிற்பது பிளவுத்தளத்தில்தான். அங்கே இருபக்கப் பாறையும் உராய்வில் பூட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது. சுற்றியுள்ள பாறையோ நகர்ந்துகொண்டே இருப்பதால், பூட்டிய இடத்தின் இருபுறமும் பாறை மெல்ல வளைகிறது. இது நூற்றாண்டுக் கணக்கில் நடக்கலாம். உராய்வின் எல்லை தாண்டியதும் ஓரிடத்தில் வழுக்குகிறது. அந்த வழுக்கல் வினாடிக்கு இரண்டு, மூன்று கி.மீ. வேகத்தில் பிளவு நெடுகப் பரவ, வளைந்திருந்த பாறை நிமிர்கிறது. வெளிப்படும் ஆற்றலில் பெரும்பகுதி உராய்வு வெப்பமாகவும் பாறையை நொறுக்குவதிலும் போய்விடும். மிச்சம்தான் அலையாக வந்து வீட்டை ஆட்டுகிறது. 1906 சான் பிரான்சிஸ்கோ நடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்டு ஹாரி ஃபீல்டிங் ரீட் என்பவர் இதைத் தெளிவுபடுத்தினார். அங்கே நேராகப் போன வேலிகள் பிளவின் இருபுறமும் மீட்டர் கணக்கில் விலகி நின்றன.

ஆகவே அளவு என்பது, வழுக்கிய பரப்பு, வழுக்கிய தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் பெருக்கி எடுக்கும் கணக்கு. 1979 முதல் புழக்கத்தில் உள்ள இந்தத் திருப்புத்திறன் அளவைத்தான் பெரிய நடுக்கங்களுக்கு எல்லா மையங்களும் தருகின்றன. ரிக்டர் 1935-ல் கலிஃபோர்னியாவில் அருகில் நடந்த நடுக்கங்களுக்காக வகுத்த முறை, 7-ஐ நெருங்கும்போதே எண் ஏற மறுத்துவிடும். ‘ரிக்டர் கருவி’ என்று ஒன்று கிடையவே கிடையாது. அந்தச் சொல்லை வாரம் ஒருமுறையாவது கேட்கிறோம். ‘அளவு 6.2’ என்று போடுங்கள், ஸ்க்ரோலில் இடமும் மிச்சமாகும்.

ஒரு நடுக்கத்துக்கு அளவு ஒன்றுதான். ஆனால் உக்கிரம், அதாவது ஓரிடத்தில் எவ்வளவு பலமாக ஆட்டியது என்பது, ஊருக்கு ஊர் வேறு. அதற்கு 12 படிகள் கொண்ட தனி அளவுகோல் உண்டு. ‘சென்னையில் 5.1 ரிக்டர் அளவுக்கு உணரப்பட்டது’ என்று எழுதினால் இரண்டையும் குழப்புகிறீர்கள். வங்கக்கடலில் 5.1 அளவில் நடந்தது, சென்னையில் சில இடங்களில் லேசாக உணரப்பட்டது, அவ்வளவே.

இனி அறிவிப்பைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம். இந்தியாவுக்கும் சுற்றுப்புறத்துக்கும் டெல்லியில் உள்ள தேசிய நிலநடுக்கவியல் மையம் நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், அளவு எல்லாவற்றையும் வெளியிடுகிறது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் எண் இதோடு 0.1, 0.2, சில சமயம் 0.3 கூட வேறுபடும். இருவரும் வெவ்வேறு நிலையங்களையும் வெவ்வேறு அலைகளையும் வைத்துக் கணக்கிடுவதால் அது இயல்பு. ஒருவரை எடுத்துக்கொண்டு கடைசிவரை அவரையே பின்பற்றுங்கள். ‘முதலில் 5.8, பிறகு 6.0 ஆக அதிகரித்தது’ என்று போட்டால் பார்ப்பவருக்கு நடுக்கம் வளர்ந்துகொண்டிருப்பது போலத் தோன்றும். வளர்ந்தது கணக்குதான்; ‘திருத்தப்பட்ட அளவு’ என்று எழுதினால் போதும்.

வெளிநாட்டு அறிவிப்புகளில் நேரம் சர்வதேச நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி கூட்டும்போது தேதியும் மாறலாம். மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதி நடுக்கம் 1967 டிசம்பர் 10 என்று சில பட்டியல்களிலும் டிசம்பர் 11 என்று சிலவற்றிலும் இருப்பது இதனால்தான். சர்வதேச நேரம் இரவு 10.51 என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 4.21.

ஆழம் ‘10 கி.மீ.’ என்று வந்தால் நிதானியுங்கள். அந்தப் பத்து பல நேரம் அளந்த எண் அல்ல. ஆழத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க, மேல்மையத்துக்கு (உடைப்பு தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே தரையில் உள்ள புள்ளிக்கு) மிக அருகில், ஆழம் எவ்வளவோ கிட்டத்தட்ட அந்தத் தொலைவுக்குள், ஒரு நிலையமாவது வேண்டும். நடுக்கடலில் அது கிடைக்காது. கிடைக்காதபோது, ஆழத்தைப் பத்து என்று நிலையாக வைத்துவிட்டு மற்றவற்றைக் கணக்கிடுவது வழக்கம். ‘ஆழம் குறைவு’ என்று அதைப் படிக்கலாம், ‘சரியாகப் பத்து’ என்று படிக்கக்கூடாது. 70 கி.மீ. வரை குறைந்த ஆழம், 300 வரை இடைப்பட்டது, 300-ஐத் தாண்டினால் ஆழமானது. இந்த மூன்று சொற்களே ஸ்க்ரோலுக்குப் போதும்.

மேப்பில் நீங்கள் வைக்கும் சிவப்புப் புள்ளி இருக்கிறதே, அது உடைப்பு தொடங்கிய இடம் மட்டும்தான். சிறிய நடுக்கத்துக்குப் புள்ளி பொருந்தும், பெரியதற்குப் பொருந்தாது. 2004 டிசம்பர் 26 காலை 6.28-க்கு வடக்கு சுமத்ராவின் கடலடியில் தொடங்கிய உடைப்பு, எட்டுப் பத்து நிமிடம் வடக்கே ஓடி, நிக்கோபாரைக் கடந்து அந்தமான் வரை 1,200 கி.மீ.க்கும் அதிகமாகப் பிளந்தது. சிவப்புப் புள்ளியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,000 கி.மீ.; உடைந்த கோட்டின் நிக்கோபார் பகுதியிலிருந்து 1,400 கி.மீ.தான். தெற்கு வடக்காக நீண்ட பிளவு தன் வலிமையான அலையைக் கிழக்கிலும் மேற்கிலும் தள்ளும். மேற்கே இருந்தது இலங்கையும் தமிழ்நாடும்.

அன்று எண் எப்படி மாறியது என்பதையும் டெஸ்க்கில் இருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் அறிவிப்பு கால் மணி நேரத்தில் வந்தது: 8.0. சுமார் ஒரு மணி நேரம் கழித்து 8.5. ஒன்பதை ஒட்டிய எண் வரப் பல மணி நேரமானது. இன்று ஏற்கப்பட்டிருக்கும் அளவு 9.1. முதல் எண்ணுக்கும் இதற்கும் ஆற்றலில் 45 மடங்கு இடைவெளி. அந்தப் பெரிய எண் வருவதற்குள், நடுக்கம் நடந்து இரண்டரை மணி நேரத்தில், கடல் தமிழகக் கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. காரணம், முதலில் வந்து சேரும் குறுகிய அலைகளில் இவ்வளவு பெரிய உடைப்பின் முழு உருவம் தெரியாது. மெதுவாக ஆடும் நீண்ட அலைகளைக் காத்திருந்து அளக்க வேண்டும். இப்போது முறைகள் வேகமாகிவிட்டன. ஆனாலும் முதல் எண் 8-ஐத் தொட்டால், அது குறைத்துச் சொல்லப்பட்டதாக இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் 2012 ஏப்ரல் 11. அதே சுமத்ராவுக்கு மேற்கே, பிற்பகல் 2.08, அளவு 8.6. சென்னையில் அலுவலகங்கள் காலியாயின, கரையோர மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வந்த அலையோ சுமத்ராக் கரையிலேயே ஒரு மீட்டர் சுமார்தான். 2004-ல் ஒரு தட்டின் விளிம்பு மேலெழும்பிக் கடல்நீரைத் தூக்கியது. 2012-ல் பாறைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தன. கடல்தரை பெரிதாக ஏறவுமில்லை இறங்கவுமில்லை. ‘தேவையில்லாமல் பயமுறுத்திவிட்டார்கள்’ என்று அப்போது எழுந்த பேச்சு நியாயமற்றது. முதல் சில நிமிடங்களில் இடமும் அளவும் மட்டுமே கையில் இருக்கும், நகர்ந்த விதம் தெரிய அரைமணி நேரம் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் எச்சரிக்கை விடுவதே சரி.

நகர்ந்த விதத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்க ஆய்வகத்தின் பக்கத்தில் ஒவ்வொரு பெரிய நடுக்கத்துக்கும் கடற்கரைப் பந்து போல, வண்ணமும் வெள்ளையுமாக ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். வட்டத்தின் நடுவில் வண்ணமும் ஓரங்களில் வெள்ளையும் இருந்தால் மேலேறிய பிளவு. கடலுக்கு அடியில், குறைந்த ஆழத்தில் என்றால் சுனாமிக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். நடுவில் வெள்ளை, ஓரங்களில் வண்ணம் என்றால் ஒரு பக்கம் கீழிறங்கியது. இதுவும் கடலைக் கிளப்பக்கூடும். நான்கு பங்காக வெட்டியது போல வண்ணமும் வெள்ளையும் மாறிமாறி இருந்தால் பக்கவாட்டு நகர்வு. இரவு டெஸ்க்கில் ஒருவருக்கு இதைப் படிக்கத் தெரிந்தால் போதும், விவாதத்துக்கு நான்கு பேரைக் கூப்பிட வேண்டியதில்லை.

அந்த விவாதங்களில் தவறாமல் வரும் கேள்வி: தட்டின் விளிம்பு இமயமலையில் இருக்கும்போது தீபகற்பத்தில் ஏன் நடுங்குகிறது? உடனே ஒருவர் போர்வெல்லைச் சொல்வார், இன்னொருவர் கல்குவாரியை. வடக்கே முட்டும் அழுத்தம் தட்டு முழுவதும் பரவியிருக்கிறது. உள்ளே எங்கே பழைய பலவீனமான பிளவு இருக்கிறதோ அங்கே அது எப்போதாவது வழுக்கும். கட்ச் பகுதி டைனோசர் காலத்தில் இழுத்துக் கிழிந்து, பாதியில் நின்றுபோன பள்ளம். இப்போது அதே பிளவுகள் நெருக்கப்படுகின்றன. 2001 ஜனவரி 26-ல் அங்கே 7.7. அதே ஆண்டு செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் ஒன்று நடந்து சென்னையை ஆட்டியது. 1900-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவில் ஒன்று நடந்திருக்கிறது. 2002-ல் திருத்திய நிலநடுக்க மண்டல வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்கு ஏற்றியது. அந்த வரைபடம் கட்டடத்தை எவ்வளவு ஆட்டத்துக்குத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்று பொறியாளருக்குச் சொல்வது. அதைக் காட்டி ‘சென்னைக்கு ஆபத்து’ என்று சிறப்பு நிகழ்ச்சி செய்வது வேண்டாத வேலை.

மனிதர் கைபட்ட நடுக்கமும் உண்டு, அதற்கு உலகம் முழுக்கச் சொல்லும் உதாரணம் கொய்னா. அறுபதுகளின் தொடக்கத்தில் அணையில் நீர் தேங்கத் தொடங்கிய பின் சிறு நடுக்கங்கள் வந்தன, 1967-ல் 6.3, இன்றும் அந்தப் பகுதி ஓயவில்லை. நீரின் பாரம் பாறையை உடைத்தது என்று சொல்வது பாதிக் கணக்கு. தேங்கிய நீர் விரிசல்கள் வழியாக ஊடுருவி, பிளவுக்குள் இருக்கும் நீரழுத்தத்தைக் கூட்டுகிறது. இருபக்கப் பாறையையும் இறுக்கிப் பிடித்திருந்த உராய்வு குறைகிறது. ஏற்கெனவே வழுக்கத் தயாராக இருந்த பிளவு கொஞ்சம் முன்கூட்டியே வழுக்குகிறது. ஆற்றல் பாறையில் சேர்ந்திருந்ததுதான். அணை விசையைத் தட்டிவிட்டது.

‘பயங்கர சத்தம், நிலநடுக்கமா?’ என்ற செய்திக்கு வருவோம். 2020 மே 20-ல் பெங்களூரு இப்படித்தான் அதிர்ந்தது. நிலநடுக்கமானிகளில் ஒன்றும் பதிவாகவில்லை. ஒலியை மிஞ்சிப் பறந்த விமானப்படைச் சோதனை விமானத்தின் சத்தம் என்று பிறகு தெரிந்தது. ஜன்னல் கடகடத்து, தொங்கும் விளக்கு ஆடாமல் இருந்தால் சத்தம் காற்றில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். குவாரி வெடியை நிலநடுக்கமானி அடையாளம் காட்டிவிடும்: வெடி எல்லாத் திசையிலும் வெளியே தள்ளுவதால் எல்லா நிலையங்களிலும் முதல் அசைவு மேல்நோக்கியே இருக்கும், பின்னால் வரும் குறுக்கலை (பாறையைப் பக்கவாட்டில் ஆட்டும் அலை) மெலிந்திருக்கும். பிளவு வழுக்கினால் சில நிலையங்களில் மேலே, சிலவற்றில் கீழே. தேசிய மையம் பதில் சொல்லும் வரை அரைமணி பொறுங்கள்.

முன்கணிப்பு. இதில் எங்களுக்குப் பொறுமை குறைவு. உலகில் 5 முதல் 6 வரையிலான நடுக்கம் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல், அதாவது நாளுக்கு மூன்று நான்கு. 6-ஐத் தாண்டுபவை நூற்றுக்கும் மேல். ‘இந்த வாரம் ஆசியாவில் பெரிய நிலநடுக்கம்’ என்று கோள்களைக் காட்டிச் சொல்பவர் தோற்பதற்கு வழியே இல்லை. இடம், நாள், அளவு மூன்றையும் குறுகிய எல்லைக்குள் எழுதித் தரச் சொல்லுங்கள், பேட்டி அதோடு முடிந்துவிடும். சீனாவில் 1975 பிப்ரவரியில் ஹைசெங் மக்களை முன்கூட்டியே வெளியேற்றிக் காப்பாற்றினார்கள். பெரிதும் உதவியது அடுக்கடுக்காக வந்த முன்னதிர்வுகள். பதினேழு மாதம் கழித்து டாங்ஷானில் அப்படி எதுவும் வரவில்லை. அரசுக் கணக்குப்படியே இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ‘இனி ஒன்றும் வராது’ என்று உறுதி தருவதும் இதே அளவுக்குத் தவறு. துருக்கியில் 2023 பிப்ரவரி 6-ல் 7.8-க்கு ஒன்பது மணி நேரம் கழித்து வந்தது 7.5. பின்னதிர்வுகளின் எண்ணிக்கை நாள்பட நாள்படக் குறையும். அவற்றில் ஒன்று பெரிதாக இருக்காது என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது.

தொலைதூர நடுக்கத்தில் சென்னை ஓஎம்ஆர் சாலையின் கோபுரக் கட்டடங்களின் மேல்மாடிகள் ஆடும், கீழே டீக்கடையில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. நெடுந்தூரம் வந்து சேர்வது மெதுவாக ஆடும் அலைகள்தான். உயர்ந்த கட்டடத்தின் இயல்பான ஆட்டமும் மெதுவானது, மாடிக்குப் பத்தில் ஒரு வினாடி என்று தோராயக் கணக்கு. இரண்டும் ஒத்துப்போனால் மேலே நன்றாக ஆடும். கட்டடம் பழுது என்பதற்கு அது சான்றாகாது. ஊழியர்கள் லிஃப்ட்டில் முண்டியடிப்பதைக் காட்டும்போது, லிஃப்ட்டில் ஏறக்கூடாது என்ற வரியையும் கீழே ஓடவிடுங்கள். ‘உடனே வெளியே ஓடுங்கள்’ என்பது எல்லாருக்கும் பொருந்தாது. கான்கிரீட் கட்டடத்தின் மாடியில் இருப்பவர் மேசைக்கடியில் குனிந்து, தலையை மூடி, மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் நிற்கும் வரை இருக்க வேண்டும். படியில் ஓடுவதுதான் ஆபத்து. மண்சுவர், ஓட்டுவீட்டில் வாசலை ஒட்டி இருப்பவர் மட்டும் வெளியேறலாம். நின்ற பிறகு கேஸ் சிலிண்டரை மூடுவது முதல் வேலை.

கடற்கரைக்கு வேறு கணக்கு. சுமத்ராக் கரையில் இருப்பவருக்கு நிலமே சொல்லிவிடும்: நிற்க முடியாமல் ஆட்டினால் மேட்டுக்கு ஓட வேண்டும். தமிழகக் கரையில் 2004-ல் பலருக்கு அதிர்வு உறைக்கவே இல்லை. அதனால் இங்கே உங்கள் ஸ்க்ரோலின் எடை அதிகம். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கைப் பிரிவு இயங்குகிறது. அதன் அறிவிப்பில் மூன்று நிலைகள் உண்டு. ‘வார்னிங்’ என்றால் மக்கள் வெளியேற வேண்டும். ‘அலர்ட்’ என்றால் கடலிலும் கரையிலும் இருக்கக்கூடாது. ‘வாட்ச்’ என்றால் அதிகாரிகள் தயாராக இருக்க வேண்டும், மக்கள் வெளியேறத் தேவையில்லை. மூன்றையும் ‘சுனாமி எச்சரிக்கை’ என்று ஒரே சொல்லில் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். மாவட்டப் பெயரையும், அலை வந்துசேரும் உத்தேச நேரத்தையும் சேருங்கள். மெரினாவில் நேரலை கேமரா வைக்காதீர்கள், அதைப் பார்த்தே கூட்டம் சேரும். முதல் அலை பெரிதாக இருக்க வேண்டும் என்றில்லை, அலைகள் பல மணி நேரம் வரலாம். ஆகவே முதல் அலை போனதும் ‘ஆபத்து நீங்கியது’ என்று போடாமல், இன்காய்ஸ் ரத்து அறிவிக்கும் வரை பழைய வரியே ஓடட்டும்.

மாதிரிக்கு, அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ள ஒன்று:

‘நிக்கோபார் அருகே கடலடியில் நிலநடுக்கம், நேரம் காலை 7.10; அளவு 7.4 (முதற்கட்டம்), ஆழம் குறைவு. சென்னையிலிருந்து 1,400 கி.மீ.; தமிழகக் கரைக்கு இன்காய்ஸ் நிலை: வாட்ச், வெளியேறத் தேவையில்லை; அடுத்த அறிவிப்பு வந்ததும் இங்கே.’

இப்படிக்கு,
நிலநடுக்கவியலும் புவி இயற்பியலும் கற்றுப் பணியாற்றும் சிலர்